ஞாயிற்றுக்கிழமையின் விலை



சென்ற மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளன்று, நம் பங்கு மேடையில் அரங்கேறிய புதிய நாடகத்தைப் பற்றி எழுதுமாறு அன்பர் சிலர் கேட்டிருந்தனர். பங்கைச் சேர்ந்த தமிழாசிரியை ஒருவர் எழுதினார். இயக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

'ஞானசௌந்தரி' போன்ற பக்திக் கதைகளை விடிய விடியப் பார்த்துப் பழகிய கடற்கரை நம்முடையது. அதனை மேடைக்கு எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் இந்தத் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவரே. அத்தகைய ஊரில் ஓர் ஆலை வேலைநிறுத்தம் நாடகமாகிறது என்றதும் பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். "கோயில் மேடையில் கொடி பிடிக்கும் கதை எதற்கு?" என்றார் ஒருவர். அவருக்கு மறுமொழியாகவே இம்மடலை வரைகிறோம்.

கதை நம் ஊரின் கதை. ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலை இங்கே நூல் நூற்றது. அங்கே கூலி குறைவு. வேலை நேரமோ மிக நீளம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இல்லை. 1908 பிப்ரவரி 23-ஆம் நாள் வ. உ. சிதம்பரனார் இக்கொடுமைகளை எடுத்துரைத்துப் பேசினார். நான்கு நாட்களுக்குப்பின், 27-ஆம் நாள், தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினர். ஒன்பது நாள் நீடித்த போராட்டத்தின் முடிவில் நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

நாடகத்தின் முதற்படியில் வ. உ. சி. மேடை நடுவே நின்று நெடிய வசனம் பேசினார். தொழிலாளரோ அவர் பின்னால் நின்று 'வாழ்க' என்று முழங்கியதோடு சரி. ஒன்பது நாள் உலை கொதிக்காமல் இருந்தவர்கள் அவர்களல்லவா? ஆகவே தலைவராக நடித்தவரை அவையோரின் நடுவிலிருந்து பேசச் செய்தோம். மேடையில் இருந்தவை கேட்போரின் முகங்கள் மட்டுமே. "செக்கிழுத்த பெருமகனை மேடையை விட்டு இறக்குவதா?" என்று ஆசிரியை முதலில் வருந்தினார். ஒத்திகை பார்த்தபின் அவரே ஒப்புக்கொண்டார்.

இயந்திரங்களுக்கு நாம் எங்கே போவது? பத்து இளைஞரை வரிசையாக நிறுத்தி, இழை அறுந்ததும் பிணைக்கும் கையசைவை மட்டும் ஓயாமல் செய்யச் சொன்னோம். அரிசி மாவு தூவிய தலைகள் பஞ்சு படிந்த தலைகளாயின. பலகையில் தட்டிய தாளம் ஆலையின் இரைச்சலாயிற்று. கால் மணி நேரத்தில் அவர்களுடைய கைகள் சோர்ந்தன. அச்சோர்வு நடிப்பன்று.

இனி நாம் சொல்ல வந்த செய்தி. கதையில் வரும் கற்பனைக் குடும்பத்தின் மூத்த மகனாக நடித்த இளைஞர், ஞாயிறு மாலை ஒத்திகைக்கு மூன்று வாரம் தொடர்ந்து வரவில்லை. நான்காம் வாரம் ஒத்திகை முடியும் தறுவாயில் வந்து நின்றார். பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். தலைகுனிந்து கேட்டவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, நான் போட்டிருக்கும் வேஷத்துக்கு ஞாயிறு லீவு கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை."

அவர் வேலை செய்வது ஒரு கடையில். விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் ஓடிச் சென்று கடை திறக்க வேண்டும், மூடுவதற்கு இரவாகிவிடும். ஏழு நாளும் அப்படித்தான். கடை உரிமையாளர் நம் பங்கினரே, திருநாள் செலவுக்குத் தாராளமாகக் கொடுப்பவர், கொடியவர் அல்லர். தம்மிடம் உள்ள பையனுக்கும் ஒரு ஞாயிறு வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

அன்றிரவு நாடகத்தின் ஒரு காட்சியை மாற்றினோம். அதுவரை ஆலை மேலாளர் சாட்டையும் உருட்டு விழியுமாக வந்துகொண்டிருந்தார். சாட்டையை எடுத்துவிட்டோம். ஞாயிறு காலையில் செப நூலைக் கையில் ஏந்தி, ஆலை ஓடும் ஓசை கேட்கக் கேட்க, அமைதியாகத் தம் கோயிலுக்குப் புறப்படும் மனிதராக அவரை ஆக்கினோம்.

1891-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு மே மாதத்தில் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில், தொழிலாளிக்கு ஞாயிற்று ஓய்வு வேண்டும் என்று உலகுக்கு எழுதினார். அதே ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறைக்கு வழி செய்தது. திருச்சபை சொல்லியாயிற்று, அரசும் சொல்லியாயிற்று. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் தூத்துக்குடித் தொழிலாளர் அந்த ஒரு நாளுக்காகப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. கடைச் சிப்பந்திகளுக்கு வார விடுமுறை தரும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே வந்தது. நம் இளைஞரின் கடைக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை.

நாடகத்தின் இறுதிக் காட்சி மிகச் சிறியது. வெற்றிக்குப் பின் வரும் முதல் ஞாயிறு. ஆலைச் சங்கு ஊதவில்லை. ஆயினும் ஆலைக்குப் போய்ப் பழகிய சிறுவன் இருட்டிலேயே எழுந்து சட்டையைத் தேடுகிறான். தாய் அவன் கையைப் பிடித்து இழுத்து மீண்டும் பாயில் கிடத்துகிறாள். தொலைவில் மணியோசை, திரை விழுகிறது. அப்பொழுது கைதட்டல் எழவில்லை. பெண்கள் பகுதியில் சிலர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர்.

கடை உரிமையாளர் முன்வரிசையில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். இப்பொழுது அவ்விளைஞருக்கு இரு வாரத்திற்கு ஒரு ஞாயிறு கிடைக்கிறது. பாதி வெற்றிதான், மீதியையும் அவர் தருவார் என்று நம்புகிறோம்.

ஆயினும் அவரைக் குறை கூறும் தகுதி நமக்கு இருந்ததா? அந்த இளைஞரைக் கடிந்துகொண்டு வீடு திரும்பிய இரவில், நம் வீட்டுப் பின்கட்டில் பாத்திரங்கள் துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. துலக்கிய அம்மாள் ஞாயிறும் வருகிறவர். பல ஆண்டுகளாக வருகிறவர். ஆலைத் தொழிலாளரின் ஞாயிறுக்காக நாம் ஒத்திகை நடத்திய மாலைகளிலெல்லாம் அவர் நம் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். இப்பொழுது ஞாயிறன்று அவர் வருவதில்லை, சம்பளம் குறையவுமில்லை. அன்று பாத்திரம் துலக்குவது நாமே. நம் இல்லத்தரசியாரின் தீர்ப்புப்படி அவ்வளவு சுத்தமாக இல்லையாம்.

ஓய்வு நாளைப் பற்றிய கற்பனையை உபாகமம் உரைக்கும் இடத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். உனக்கு மட்டுமன்று, உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் ஓய்வு வேண்டும் என்பதே அதன் பொருள். கோயில் மேடையில் கொடி பிடிக்கும் கதை எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு நாம் சொல்வது இதுதான்: ஐயா, அது கற்பனைகளிலேயே எழுதியுள்ள கதை.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன், உங்கள் வீட்டிலும் கடையிலும் அந்நேரம் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.