வெற்றிலை மையும் குழந்தை சாட்சியும்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமமொன்றில் நமது சிறு பிராயத்தில் நடந்த சங்கதி இது. ஒரு வீட்டில் பவுன் சங்கிலி காணாமல் போயிற்று. மை போட்டுப் பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி ஏழு வயதுப் பையன் ஒருவன் கையில் கொடுத்து, "பெருக்குகிறவன் வந்தானா? நாற்காலி போட்டானா? ஆஞ்சநேயர் வந்து உட்கார்ந்தாரா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பையன் எல்லாவற்றிற்கும் "ஆமாம்" என்றான். கடைசியில், "எடுத்தவன் சிவப்புத் துண்டு போட்டிருக்கிறானா?" என்றார். அதற்கும் "ஆமாம்"தான். வீட்டுக்காரர் முன்னமே சந்தேகப்பட்டு மைக்காரர் காதில் ஓதியிருந்த ஆள் சிவப்புத் துண்டுக்காரர்! அந்த ஏழைப் பண்ணைக் கூலி தூணில் கட்டப்பட்டு அடிபட்டார். எட்டு நாள் கழித்துச் சங்கிலி அந்த வீட்டுக் குலுக்கைக்குள்ளேயே கிடைத்தது. ஆஞ்சநேயரை யாரும் விசாரிக்கவில்லை.

பையன் பொய் சொன்னானா? இல்லை என்றே சொல்லுவோம். பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லுவதே மரியாதை என்றுதானே வீட்டிலும் பள்ளியிலும் குழந்தைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம்?

வெற்றிலையைக் கண்டு சிரிக்கிற படித்த கூட்டமும் இதே காரியத்தைச் செய்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மக்மார்ட்டின் மழலைப் பள்ளி வழக்கு 1983-ல் கிளம்பிற்று. குழந்தைகளைக் கெடுத்தார்கள் என்பது புகார். நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். "மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களே" என்றார்கள். "ஆம்" என்ற பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். 1990-ல் வழக்கு முடிந்தபோது ஒருவர்மீதும் குற்றம் ருசுவாகவில்லை. பிறகு 1998-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வகுப்புக்குக் கதை சொல்ல வந்துபோன மனிதரைப் பற்றி 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடக்காத விஷயங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். பதிலை உள்ளே வைத்த கேள்விகளை மாத்திரம் கேட்டபோது 100-க்கு 17 தப்பு. அத்துடன் மக்மார்ட்டின் முறைப்படி புகழ்ச்சியும் நெருக்குதலும் சேர்த்தபோது 58. அதுவும் ஐந்து நிமிஷத்திற்குள்!

உடனே, "அப்படியானால் குழந்தை பேச்சு எடுபடாது" என்று சில வக்கீல்கள் குதிப்பார்கள். இது குற்றவாளிக்குக் குடை பிடிக்கும் வாதமேயாகும். குழந்தையைக் கெடுக்கிறவன் சாட்சி வைத்துக்கொண்டா கெடுக்கிறான்? 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே சாட்சிக்குக் குறைந்த வயது என்று ஒன்றும் வைக்கவில்லை. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஏழு வயதுப் பெண் குழந்தையின் சாட்சியத்தை ஏற்று, மனைவியைக் கொன்ற தகப்பனுக்கு ஹைகோர்ட்டு கொடுத்த விடுதலையை ரத்துச் செய்தது.

ஆகவே கோளாறு குழந்தையிடம் இல்லை, கேட்கிறவரிடம் இருக்கிறது. மைக்கேல் லாம்ப் முதலிய அறிஞர்கள் வகுத்த முறையில், "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், நான் தப்பாகச் சொன்னால் திருத்து" என்று முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுகிறார்கள். வேறொரு சாதாரண விஷயத்தைச் சொல்லவிட்டுப் பழக்குகிறார்கள். அப்புறம், "நடந்ததையெல்லாம் சொல்", "பிறகு என்ன?" என்பதோடு நிற்கிறார்கள். "மாமா தொட்டாரா?" என்று பெயரையும் செய்கையையும் கேட்கிறவரே எடுத்துக் கொடுப்பதில்லை.

நம் நாட்டில் 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் போலீசார் சீருடையில்லாமல் குழந்தையின் வீட்டிலேயே, கூடியவரை பெண் சப் இன்ஸ்பெக்டரைக் கொண்டு, வாக்குமூலம் வாங்க வேண்டுமென்கிறது. நல்லதுதான். ஆனால் பதிலை மட்டும் கோர்வையாக எழுதினால் கேள்வி காற்றோடு போய்விடுகிறது. மாஜிஸ்திரேட்டோ போலீசாரோ ஒலி, ஒளிப்பதிவும் செய்ய வேண்டுமென்று அதே சட்டத்தின் 26-வது பிரிவு சொல்லுகிறது. சொல்லிவிட்டு, "சாத்தியமான இடங்களில்" என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. கைப்பேசி இல்லாத போலீஸ் ஸ்டேஷன் இன்று எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கிறோம்.