மடிப்புத் தோலும் பத்து விழுக்காட்டுக் கணக்கும்

உடற்பரப்பில் பத்து விழுக்காடேனும் சொரியாசிஸ் பரவியிருக்க வேண்டும். இல்லையேல் உயிரியல் மருந்துகளின் பெரும் சோதனைகளில் நோயாளிக்கு இடமில்லை. விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை ஏறத்தாழ ஒரு விழுக்காடு. இரண்டு அக்குளும் தொடையிடுக்கும் வெடித்துக் கசிந்தாலும் சில கையளவைத் தாண்டாது. ஆகவே அது 'லேசான' நோய். தாராவியின் தகரக் கூரைக்கடியில், மே மாதத்தில், தையல் இயந்திரத்தின்முன் நாள்முழுதும் அமர்ந்திருப்பவரைக் கண்ணுற்றவர் எவரும் இச்சொல்லை எழுதியிருக்க மாட்டார்.

பாசி என்னும் மதிப்பெண் முறையோ இன்னும் வேடிக்கை. சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. ஈரமும் உராய்வும் மிக்க மடிப்புகளில் செதில் தங்குவதே அரிது. செதில் இல்லாமையால் மதிப்பெண் குறைகிறது. அதனாலேயே நோய் படர்தாமரையாகவும் தோற்றமளிக்கிறது. பிறகென்ன, மருந்துக்கடைக் களிம்புதான்: ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஒரே குழாயில். தோல்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டின்றி விற்பதற்கு 2018இலேயே மைய அரசு தடை விதித்தது. அரசிதழின் ஆணை கல்லாப்பெட்டி வரை வந்து சேரவில்லை. மடிப்புத் தோல் மெல்லியது, மருந்தை மிகுதியாக உறிஞ்சுவது. மாதக்கணக்கில் பூசினால் தோல் நலிந்து வரிவரியாகக் கிழிகிறது.

'மடிப்பு நோய்க்கு உயிரியல் மருந்து பயன்படும் என்பதற்குச் சான்று போதாது' என்பர். சோதனைக்குள் விடாதவர்களே சான்று கேட்பது விந்தை! பிறப்புறுப்புச் சொரியாசிசுக்கு இக்செகிசுமாப் மருந்தைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வு, ஒரு விழுக்காட்டுப் பரப்பே போதுமென்று வாயிலைத் திறந்தது, நோய் தணிந்தது.

தாராவி போன்ற நெரிசலில் காசநோய் தலைதூக்கும் என்பது மெய்யான அச்சம். டிஎன்எஃப் தடுப்பிகளில் அவ்வாபத்து உண்டு. ஐஎல்-17 தடுப்பிகளிலோ கேண்டிடா பூஞ்சைத் தொற்று கூடும், அதுவும் இதே மடிப்புகளில். ஆனால் இவை முன்சோதனைக்கான வாதங்களேயன்றி மறுப்புக்கானவை அல்ல. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தனியார் மருத்துவமனைக்குச் செல்பவருக்கு அதே காசநோய்ச் சோதனை செய்து ஊசியும் போடப்படுகிறதே!

விலையே உண்மைத் தடை. பெங்களூரு பயோகானின் இட்டோலிசுமாப் 2013இல் வந்தது. அடாலிமுமாபின் முதல் உயிரொப்பு மருந்தை 2014 டிசம்பரில் இந்நாட்டு சைடஸ் நிறுவனமே விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கும் திறன் இங்கிருக்கிறது. எல்லோருக்கும் ஊசி வேண்டுமென்பதன்று. டாக்ரோலிமஸ் களிம்பிலேயே பலர்க்கு அடங்கும். அடங்காதவர் பெறவேண்டியதைப் பரப்பளவு தீர்மானிக்கலாகாது. அதற்கும் முன்பு, சுரண்டியெடுத்த தோலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் சில நிமிட வேலை ஒவ்வொரு நகராட்சி மருந்தகத்திலும் நடக்கட்டும்.