மயிலாடும்பாறை இரும்பு - பெருமைப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து வாட்ஸப் குரூப்புல வருஷத்துக்கு நாலு தடவையாவது சுத்தி வர்ற ஒரு ஃபார்வர்டு இருக்கு. உலகத்துக்கே இரும்பு கத்துக் கொடுத்தது தமிழன்தான், அதுவும் 4200 வருஷத்துக்கு முன்னாடி, அதுவும் நம்ம மயிலாடும்பாறையில. கீழ பாதிப் பேரு தீ பொம்மையா போட்டுத் தள்ளுவாங்க. மீதிப் பேரு, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா"ன்னு சிரிப்பு பொம்மை போடுவாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துமை. அந்தத் தேதி எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். அந்தத் தேதி ஒழுங்கா எடுத்த தேதிதான். ஆனா ஃபார்வர்டு சொல்ற அளவுக்கு அது சொல்லல. அதுக்கு மேல ஏதாவது உறுதியா சொல்லணும்னா இன்னும் நிறைய ஆதாரம் வேணும். அந்த ஆதாரம் கிடக்குற குன்றுகளைத்தான் நாம ஜேசிபி வெச்சு லாரியில ஏத்திக்கிட்டு இருக்கோம். இதுதான் மேட்டர். இனி விலாவாரியா...

கிருஷ்ணகிரி தாண்டி பர்கூர் வட்டத்துல, தொகரப்பள்ளி பக்கம் இருக்கு மயிலாடும்பாறை. சுத்தி குன்று, பாறை ஓவியங்கள், பெருங்கற்காலத்து கல்லறைகள். பேராசிரியர் கா. ராஜன் ரொம்ப காலமா ஆராய்ஞ்சுக்கிட்டு வர்ற இடம். 2021ல தமிழ்நாடு தொல்லியல் துறை அங்க அகழாய்வு செஞ்சது. இரும்புப் பொருள் கிடைச்ச மண்ணடுக்குலேர்ந்து கரி எடுத்து அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல இருக்குற பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பினாங்க. வந்த தேதிகள் ரெண்டு: கி.மு. 1615, கி.மு. 2172. முதலமைச்சர் ஸ்டாலின் 2022 மே 9ஆம் தேதி சட்டமன்றத்துல இதை அறிவிச்சார். அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல இரும்புக்குக் கிடைச்ச பழைய தேதி மேட்டூர் பக்கத்து மாங்காடு, கி.மு. 1510தான். ஒரே தாவுல ஏறக்குறைய 650 வருஷம் பின்னாடி போயிடுச்சு.

சரி, கரித்துண்டு எப்படிங்க தேதி சொல்லும்?

மரம் உயிரோட இருக்கும்போது காத்துலேர்ந்து கார்பனை இழுத்துக்கிட்டே இருக்கும். அதுல ரொம்ப ரொம்பக் கொஞ்சம், லட்சம் கோடி அணுவுக்கு ஒண்ணுங்கற கணக்குல, கார்பன்-14 இருக்கும். மரம் செத்ததும் வரவு நின்னுடும், செலவு மட்டும் நடக்கும். 5730 வருஷத்துல பாதியாகும். 4200 வருஷம் ஆன கரின்னா கிட்டத்தட்ட 60 சதவீதம் மிச்சம் இருக்கும். அந்தக் காலத்துல இதை அளக்க, அணு சிதையுற வரைக்கும் காத்திருந்து எண்ணணும், கிராம் கணக்குல கார்பன் வேணும். இப்ப ஏ.எம்.எஸ். முறையில அணுக்களை முடுக்கிவிட்டு, எடை வாரியாப் பிரிச்சு நேராவே எண்ணிடுறாங்க. ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். காத்துல கார்பன்-14 அளவு எல்லாக் காலத்துலயும் ஒரே மாதிரி இருந்ததில்ல. அதனால மரத்தோட ஆண்டு வளையங்களை வெச்சுத் திருத்தி, ஒரு வீச்சா கொடுப்பாங்க. 2172ங்கறது அப்படி ஒரு வீச்சுக்குள்ள நிக்கிற எண். அன்னைக்கு பொங்கல் வெச்சு இரும்பு அடிச்சாங்கன்னு அர்த்தமில்ல :-)

"அட, நாலாயிரம் வருஷம் மண்ணுல கிடந்தது, இப்ப இருக்குற வேர், எருன்னு எதாவது கலந்திருக்காதா?"ன்னு கேக்குற நண்பர்களுக்கு: கலந்தா தேதி பழசாகாது, புதுசாத்தான் ஆகும். நூத்துல ஒரு பங்கு இன்னைய கார்பன் கலந்தா சுமாரா 50 வருஷம் இளமையாக் காட்டும், அவ்ளோதான். அதனால அந்த வாதம் செல்லாது.

செல்லுபடியாகுற கேள்வி வேற ரெண்டு இருக்கு.

ஒண்ணு, தேதி கரிக்குத்தான், இரும்புக்கு இல்ல. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, பழைய ஃபைல் ஒண்ணு ஒரு ஃபோல்டர்ல கிடக்கு. ஃபைலோட தேதியைப் பாத்து ஃபோல்டர் எப்ப உருவாச்சுன்னு முடிவு பண்ண முடியுமா? எலி வளை, கரையான் புத்து, மழைத்தண்ணி எது வேணா கரியை ஒரு அடுக்குலேர்ந்து இன்னொரு அடுக்குக்கு நகர்த்தலாம். இதைப் பாத்துப் பிரிக்கிறதுதான் தொல்லியல்காரங்களோட வேலையே. சும்மா குழி தோண்டிட்டு வர்றதில்ல அவங்க.

ரெண்டாவது, வைரம் பாய்ஞ்ச கட்டைப் பிரச்சினை. 200 வருஷத்து மரத்தோட நடுக்கட்டை செத்து 200 வருஷம் ஆயிருக்கும், வெளிப்பட்டை நேத்துத்தான் வளர்ந்திருக்கும். நடுக்கட்டையை அடுப்புல வெச்சிருந்தா கரியோட தேதி நெருப்பு மூட்டுன தேதியைவிடப் பழசா வரும். இதனால 2172 ஒண்ணுமில்லாம போயிடாது. நூறு இருநூறு வருஷம் கழிச்சாலும் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தையதுதான். ஆனா கடைசி நாலு இலக்கத்தையும் பச்சை குத்திக்கிற அளவுக்கு அது துல்லியம் இல்ல.

அடுத்த குண்டு 2025 ஜனவரி 23ல விழுந்துச்சு. 'இரும்பின் தொன்மை' அறிக்கை, கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதினது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில இரும்போட கிடைச்ச மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரைக்கும் தேதி. மயிலாடும்பாறை முதல் இடத்தை இழந்துடுச்சு (நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு லேசா வருத்தம்தான், ஹி..ஹி..). இந்தத் தடவை செஞ்ச நல்ல காரியம், ஒரே லேபை நம்பாம ஃப்ளோரிடா, லக்னோ, அகமதாபாத்னு மூணு இடத்துக்கு அனுப்பினது. ஒரே முறையும் இல்ல. கரிக்கு கார்பன், பானை ஓட்டுக்கு ஓ.எஸ்.எல். ஓட்டுல இருக்குற குவார்ட்ஸ் துகள் கடைசியா எப்ப சூளையில சுடப்பட்டுச்சுன்னு பாக்குற முறை அது. ரெண்டு வேற வேற முறை பக்கத்துல பக்கத்துல வந்து நின்னா நம்பிக்கை கூடும்.

அதே சிவகளையில வேறொரு தாழியில கிடைச்ச நெல்லுக்கு வந்த தேதி என்ன தெரியுமா? கி.மு. 1155. 2021ல அறிவிச்சாங்க. ஒரே ஊரு, ரெண்டாயிரம் வருஷ வித்தியாசம். முரண்பாடு இல்ல, தலைமுறை தலைமுறையா அதே இடத்துல புதைச்சிருக்கலாம். ஆனா ஒண்ணு புரியுது. தேதிங்கறது அந்த ஒரு மாதிரிக்கு, ஊருக்கு இல்ல, தமிழனுக்கும் இல்ல. அடுத்த தாழி என்ன சொல்லும்னு தோண்டினாத்தான் தெரியும்.

இன்னொரு கேள்வி. இரும்பு இருந்தா உருக்கத் தெரிஞ்சிருந்ததுன்னு அர்த்தமா? அவசியமில்ல. எகிப்துல கெர்சேங்கற இடத்துல கிடைச்ச இரும்பு மணிகள் கி.மு. 3200ஐ ஒட்டினவை, விண்கல் இரும்புல செஞ்சது. துட்டன்காமன் கல்லறையில இருந்த குத்துவாளும் விண்கல் இரும்புதான்னு 2016ல நிக்கல் அளவை வெச்சு உறுதி பண்ணாங்க. வானத்துலேர்ந்து விழுந்ததைத் தட்டி வளைக்கிறது வேற. மண்ணுலேர்ந்து எடுக்குறது வேற. தாமிரம் 1085 டிகிரியில உருகிடும். இரும்புக்கு 1538 வேணும். அதனால பழைய ஆளுங்க உருக்கவே இல்ல. 1200 டிகிரியை ஒட்டி, கரியோட சேத்து ஊதி ஊதி, தாதுல இருக்குற ஆக்சிஜனை உருவி எடுத்துட்டு, பஞ்சு மாதிரி வர்ற கட்டியை சம்மட்டியால அடிச்சு அடிச்சுக் கசடை வெளியேத்தினாங்க. சிப்காட்ல ஃபோர்ஜிங் கம்பெனியில நிக்கிற அண்ணன்களைக் கேளுங்க, இது எவ்ளோ பெரிய வேலைன்னு சொல்லுவாங்க. கொடுமணல்ல உலைகள் கிடைச்சிருக்கு, ஆனா அது இதைவிட ரொம்பப் பிந்தின காலம். கி.மு. 2000க்கு முந்தைய ஒரு உலை, ஒரு கசடுக் குவியல், அதுக்குள்ள மாட்டின கரித்துண்டு கிடைச்சா கதை முடிஞ்சுது. கரிக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இருக்கான்னு யாரும் வாயைத் திறக்க முடியாது. துருப்பிடிக்காம உள்ள உலோகம் மிஞ்சியிருந்தா, அந்த இரும்புக்குள்ள இருக்குற கார்பனுக்கே தேதி பாக்குற முறையும் இருக்கு.

அடுத்து எல்லைச் சண்டை. ஓசூர்ல இருந்துக்கிட்டு தினம் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போறவங்களுக்கு இது பழகின விஷயம். கேண்டீன்ல இந்தப் பேச்சு எடுத்தா கன்னட நண்பர் பிரம்மகிரி எங்களுதும்பார், தெலுங்கு நண்பர் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்துலயே இரும்பு கிடைச்சிருக்கும்பார். உத்தரப் பிரதேசத்துல மல்ஹாருக்கு கி.மு. 1800ஐ ஒட்டின தேதி முன்னாடியே வந்திருக்கு. எனக்கு இதுல சண்டையே தெரியல. மூணு நாலு இடத்துல தனித்தனியா பழைய தேதி வருதுன்னா, துருக்கிப் பக்கம் ஹிட்டைட்டுகள்கிட்டேருந்து கி.மு. 1300 வாக்குல கிளம்பித்தான் எல்லா இடத்துக்கும் இரும்பு போச்சுங்கற பழைய பாடத்தை மாத்தி எழுத வேண்டியிருக்குங்கறதுதான் செய்தி. அன்னைக்கு பர்கூர்க் குன்றுல இரும்பு வெச்சிருந்தவனுக்கு செக்போஸ்ட் எங்க இருக்குன்னு தெரியாது. பிரம்மகிரி தேதி பலமானா மயிலாடும்பாறையும் பலமாகும். அக்கம்பக்கத்துல ஒண்ணுமே இல்லாம தனியா ஒரு தேதி நின்னாத்தான் சந்தேகப்படணும்.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க இந்த மாதிரி இடங்கள்தான். சூளகிரி பக்கம் மல்லச்சந்திரத்துல குன்று மேல வரிசையா கல்திட்டைகள் நிக்குது. ஊத்தங்கரை வட்டம் சென்னானூர்ல 2024ல அகழாய்வு நடந்து புதிய கற்காலத்துக் கருவிகள் வந்துச்சு. பேர் இல்லாத, பலகை இல்லாத, யாரும் தோண்டாத குன்றுகள் இன்னும் எத்தனையோ. அதே குன்றுகள்லதான் கிரானைட்டும் இருக்கு. பர்கூர், ஜெகதேவி பக்கம் போனீங்கன்னா பாதி அறுத்த கேக்கு மாதிரி மலைகள் நிக்கும். ஓசூர்ப் பக்கம் பிளாட் போடுறதுக்கு மேடு நிரவுறாங்க. மிச்சம் இருந்தா புதையல் தேடுற கும்பல் ராத்திரியில வந்து கல்லறையைப் பொளந்துட்டுப் போகும். உள்ள தங்கம் இருக்காது. பானை ஓடும் எலும்பும் கொஞ்சம் கரியும்தான் இருக்கும். அவனுக்கு அது குப்பை. நமக்கு அந்தக் குப்பைதான் கி.மு. 2172.

ஒரு மில்லிகிராம் கார்பன் போதும்னு மேல சொன்னேன்ல? அந்த ஒரு மில்லிகிராம் எந்த அடுக்குல, எந்தப் பொருளுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கறதுதான் அதோட மதிப்பு. ஜேசிபி ஒரு தடவை கை வெச்சா அடுக்கு கலைஞ்சுடும். அப்புறம் அதே கரியை உலகத்துல எந்த லேபுக்கு அனுப்பினாலும் பிரயோஜனமில்ல.

வேலை வேணாம், குவாரி வேணாம்னு நான் சொல்லல. சிப்காட் இல்லாட்டி ஓசூரே இல்ல, நம்ம வீட்டுலயும் அந்தச் சோறுதான். நான் கேக்குறது சின்ன விஷயம். குவாரிக்கோ லேஅவுட்டுக்கோ அனுமதி தர்றதுக்கு முன்னாடி தொல்லியல் தெரிஞ்ச ஒருத்தர் அந்தக் குன்றை ஒரு நாள் நடந்து பாக்கட்டும். கல்வட்டம், திட்டை, ஓவியம் இருந்தா சர்வே எண்ணோட பதிவு பண்ணி வெளிய போடட்டும். தமிழ்நாட்டுல 1966லயே தொல்லியல் சின்னங்களுக்கு சட்டம் வந்தாச்சு. ஆனா பட்டியல்ல ஏறாத குன்றுக்கு எந்தச் சட்டம் வந்து காவல் நிக்கும்? அரசாங்கம் சட்டமன்றத்துல பெருமையா அறிவிச்ச விஷயத்துக்கு இந்தச் செலவு ஒரு செலவே இல்ல.

நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை பைக் எடுத்துக்கிட்டு நந்தி ஹில்ஸ் போறவங்க, ஒரு வாரம் இந்தப் பக்கம் வாங்க. பாருங்க, படம் எடுங்க, இடத்தைக் குறிச்சுக்குங்க. கல்லைத் தொடாதீங்க, பானை ஓட்டைப் பையில போடாதீங்க, பாறையில பேரு எழுதாதீங்க. புதுசா எதாவது கண்ணுல பட்டா மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கோ ஒரு கடுதாசி போடுங்க. அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா தீ பொம்மைக்குப் பதிலா உங்க ஊர்ப் பக்கத்துக் குன்றோட படத்தைப் போடுங்க.

டிஸ்கி: இந்தத் தேதிகளை இன்னும் சில இடங்கள்ல உறுதிப்படுத்தணும்னு ஆய்வாளர்கள் சிலரே கேக்குறாங்க. அப்படிக் கேக்குறவங்களைத் தமிழ் விரோதின்னு திட்டி வர்ற பின்னூட்டம் பிரசுரமாகாது. கேள்வி கேக்குறதுதான் அறிவியல், அதை அவங்க செய்யட்டும். மல்லச்சந்திரம் போயிட்டு வந்தவங்க வழி எப்படின்னு சொல்லுங்க மக்கா, அடுத்த மாசம் நாலஞ்சு பேரு சேந்து கிளம்பலாம்.