நாலு மணிக்கு டீயா, சூப்பா?

இதைப் படித்தால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனால் இது என் கருத்து. தறி வீட்டுப் பெரியவர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஆரணியில் மார்கழிப் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்க அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் மண்ணின் சில்லிப்பு முழங்கால் வரை ஏறுது என்பார். அதற்கு அவர் கண்ட மருந்து டீ. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. குளிர்ந்தாலும் டீ, பசித்தாலும் டீ! அம்மாவும் இழை பிணைக்க உட்கார்ந்தால் அதே கதைதான். ராத்திரி பார்த்தால் ரெண்டு பேர் தட்டிலும் சோறு மிச்சம் இருக்கும்.

டீ பசியை அடக்கும், ஆனால் வயிற்றை நிரப்பாது. அதோடு, டீயில் உள்ள டானின் நாம் சாப்பிடும் கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நமக்கு வாரம் ஒரு நாள் நீல மாத்திரை தருவது இதற்காகத்தான். (அதை ஜன்னல் வழியா எறிகிறவர்களை எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்.)

அதனால் குளிர் காலத்திலாவது நாலு மணிக்கு டீக்குப் பதிலா காய்கறி சூப் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் சொன்னதும் ஆயா, "ஏண்டி, யாருக்கு ஜுரம்?" என்று கேட்டார். சூப் என்றால் ஒன்று நோயாளிக்கு, இல்லாவிட்டால் ஓட்டலுக்குப் போகிறவர்களுக்கு என்று நினைப்பு. அண்ணன் பாக்கெட் சூப் வாங்கலாம் என்றான். அதில் காய் கொஞ்சம்தான், உப்புதான் ஜாஸ்தி.

நான் வைத்தது இப்படி. ரெண்டு கேரட், பத்து பீன்ஸ், ஒரு துண்டு சுரைக்காய், தூக்கிப்போட இருந்த முட்டைக்கோஸ் தண்டு, ரெண்டு தக்காளி, ஆறு பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, ஒரு பிடி பாசிப்பருப்பு. ஆறு டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் நாலு விசில். மத்தால் கடைந்து, ரெண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டணும். அதுதான் வயிற்றில் நிற்கும். ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டு அஞ்சு நிமிஷம் கொதித்தால் போதும். உப்பு, மிளகு, சீரகம். இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியணும், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். இரும்புச்சத்து உடம்பில் சேர அந்த வைட்டமின் வேணும்.

மஞ்சள் மட்டும் நான் போடவில்லை. மஞ்சள் கை பட்டுப் புடவையில் பட்டால் கூலியில் பிடிப்பார்கள். சூப்பை டம்ளரில் குடித்துவிட்டு கை கழுவித் தறிக்குப் போய்விடலாம். தறிக்காரங்களுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு எது?

நேரம் இல்லை என்று அம்மா சொன்னது மட்டும் உண்மை. அம்மா தறி வேலையும் பார்த்து, சமையலும் பார்க்கிறார். அதனால் காய் நறுக்குவது அண்ணன் வேலை என்று சண்டை போட்டு முடிவு செய்திருக்கிறோம். "பொம்பளை வேலை" என்று முதல் நாள் முனகினான். இப்போது பீன்ஸை என்னைவிடப் பொடியாக நறுக்குகிறான்.

அப்பா முதல் நாள், "நல்லாத்தான் கீது. டீ எங்கே?" என்றார். மூணு வாரத்தில் நாலு மணி டீ மட்டும் நின்றிருக்கிறது. பதினோரு மணி டீ பற்றி இன்னும் பேச்சு எடுக்கவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி