கணக்கு முடியாத மாநகரம்



மார்ச் 31 என்றாலே நம் வியாபாரிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். பேரேட்டைப் புரட்ட வேண்டும், சரக்கு இருப்பை எண்ண வேண்டும், வரவேண்டிய பாக்கியையும் கொடுக்க வேண்டிய பாக்கியையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். பெட்டிக்கடை வைத்திருப்பவருக்குக்கூட இதிலிருந்து விலக்கு இல்லை. இங்கிலாந்து நாட்டின் உள்ளாட்சிகளுக்கும் நிதியாண்டு முடிவது அதே மார்ச் 31தான். ஆனால் அந்நாட்டின் மிகப் பெரிய மாநகராட்சி ஒன்றுக்குத் தன் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்றே சொல்லத் தெரியவில்லை!

பர்மிங்ஹாம் மாநகராட்சியைத்தான் சொல்கிறோம். 2021 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர். அவர்களில் பத்தில் மூன்று பேர் முஸ்லிம்கள். ஸ்பார்க்புரூக், ஸ்மால் ஹீத், ஆலம் ராக் ஆகிய பகுதிகளில் தெருவுக்குத் தெரு நம்மவர்களின் கடைகள். மாமன்றத்தில் இருக்கும் 101 இடங்களில் முஸ்லிம் பெயர் கொண்ட கவுன்சிலர்கள் ஒருவர் இருவர் அல்லர், கணிசமாகவே உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

2023 செப்டம்பர் 5ஆம் தேதி அந்த மாநகராட்சியின் நிதி அதிகாரி ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் 114ஆவது பிரிவின் கீழான அறிவிப்பு அது. வருவாயை மிஞ்சிச் செலவு போகப் போகிறது என்று தெரிந்தால் நிதி அதிகாரி அதை எழுத்தில் தர வேண்டும். தந்த நிமிடத்திலிருந்து புதிய செலவு ஒன்றும் செய்யக் கூடாது. 21 நாட்களுக்குள் மாமன்றம் கூடி அதற்கு முடிவு காண வேண்டும். பத்திரிகைகள் 'திவால்' என்று எழுதின. சட்டப்படி அது திவால் அல்ல. அங்கே உள்ளாட்சிக்கு மஞ்சள் கடிதாசி கொடுக்க வழியே கிடையாது. ஊழியர் சம்பளமும், முதியோர் குழந்தைகளுக்கான சட்டக் கடமைகளும் நின்றுவிடா. மற்றதெல்லாம் கத்தரிக்கோலுக்கு.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் துண்டு விழுந்தது 8 கோடியே 70 லட்சம் பவுண்டு. அதற்கும் மேலே ஒரு பழைய கடன், 65 கோடியிலிருந்து 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஒரு பவுண்டு நம் காசில் நூறு ரூபாய்க்கு மேல். பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? வங்கியில் வாங்கியதல்ல. பெண்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி!

சமையல் செய்த பெண்கள், கூட்டிப் பெருக்கிய பெண்கள், முதியோரைக் குளிப்பாட்டி ஊட்டிய பெண்கள் ஒரு பக்கம். குப்பை அள்ளிய, சாலை போட்ட, குழி வெட்டிய ஆண்கள் மறுபக்கம். இரு தரப்பும் ஒரே ஊதிய நிலை. ஆனால் ஆண்களுக்கு மட்டும் போனஸ். சில பணிகளில் அந்த போனஸ் அடிப்படைச் சம்பளத்தையே மிஞ்சியது. சம ஊதியச் சட்டமோ 1970லேயே இயற்றப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் ஏட்டில் கிடந்தது. நீதி கேட்டவர்கள் 2010இல் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். வேலையை விட்டுப் போய்விட்டவர்களுக்குக் காலக்கெடு முடிந்துவிட்டது என்று மாநகராட்சி வாதிட்டது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ஆறு ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றத்துக்கு வரலாம் என்றது. வழக்குத் தொடுத்தவர்கள் 174 பேர். வெள்ளம் மடை திறந்தது. அப்போதிலிருந்து மாநகராட்சி கொடுத்த தொகை ஏறக்குறைய 110 கோடி பவுண்டு.

இந்தப் பணத்துக்கு எங்கே போனார்கள்? ஊரின் பெருமையாக நின்ற தேசியக் கண்காட்சி மையத்தை 2015இல் 30 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு ரயில் நிலையத்தின் மேலிருந்த கிராண்ட் சென்ட்ரல் வணிக வளாகமும் கைமாறியது. பாட்டன் தேடி வைத்த தோப்பை விற்றுப் பழைய கூலி பாக்கியைத் தீர்த்த கதை. சரி, தீர்த்ததாவது தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. 2017 கோடையில் குப்பை அள்ளுவோர் வேலை நிறுத்தம். நாற்றம் தாங்காமல் சமரசம் செய்து, அவர்களுக்கென ஒரு பதவியைத் தக்க வைத்துக் கொடுத்தார்கள். அதே நிலையில் இருந்த பெண்களுக்கு அது கிட்டவில்லை. பழைய புண் மீண்டும் திறந்தது. ஒரு கடனை அடைத்த கையாலேயே அடுத்த கடனுக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று நம் ஊர்க்காரர் சொல்வார்களே, அதுதான் நடந்தது.

கடனை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம். நாமும் அதை ஓதிவிட்டு வாய்வார்த்தையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம்! பர்மிங்ஹாமில் எழுதவேண்டிய கடனை ஏட்டில் ஏற்றாமல் வருடக் கணக்காய் வளரவிட்டார்கள். 2023 ஜூனில் அவர்களே சொன்ன கணக்குப்படி அது மாதந்தோறும் 50 லட்சம் முதல் ஒரு கோடியே 40 லட்சம் பவுண்டு வரை ஏறிக் கொண்டிருந்தது.

அடுத்தது கம்ப்யூட்டர் கூத்து. கணக்கு எழுதும் பழைய மென்பொருளை மாற்றி ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு வந்தார்கள். முதலில் போட்ட மதிப்பீடு ஒரு கோடியே 90 லட்சம் பவுண்டு. 2022 ஏப்ரலில் இயக்கினார்கள். அடுத்த ஆண்டே செலவு பத்துக் கோடி பவுண்டைத் தொடும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மென்பொருளை அப்படியே ஏற்காமல் தங்கள் பழைய வழக்கத்துக்கேற்ப வெட்டி ஒட்டித் தைத்ததுதான் குழப்பத்தின் வேர். வங்கிக் கணக்கில் வந்த பணத்தையும் ஏட்டில் உள்ள வரவையும் ஒத்துப் பார்க்கும் பகுதி வேலை செய்யவில்லை. நம் கடைப் பையனுக்கு முதலில் கற்றுக் கொடுப்பதே இதைத்தானே! பாஸ் புத்தகமும் நாள்வழியும் ஒத்து வருகிறதா என்று பார். ஆயிரக்கணக்கான ஊழியர்களைக் கொண்ட மாநகராட்சியில் ஆட்களை உட்கார வைத்துக் கையால் சரிபார்த்தார்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதே புலப்படாதபோது ஆண்டு இறுதிக் கணக்கு எப்படி முடியும்? தணிக்கையாளர் எதன்மீது கையெழுத்துப் போடுவார்?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 76 கோடி என்பதே மிகைப்படுத்தப்பட்ட மதிப்பீடு என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கணக்கியல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தணிக்கை முடியாத ஏட்டை வைத்துக்கொண்டு ஊரின் நூலகங்களை வெட்டுவது எப்படி நியாயம் என்பது அவர்கள் கேள்வி. கடன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. தொகை தெரியாமலேயே தண்டனை விழுந்துவிட்டது.

தண்டனை யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். மத்திய அரசு ஆணையர்களை அனுப்பியது. அவர்களுக்கான ஊதியமும் மாநகராட்சிப் பணத்திலிருந்தே. 2024 மார்ச்சில் நிறைவேறிய பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 30 கோடி பவுண்டு வெட்டு. வீட்டு வரி ஒரே ஆண்டில் 9.99 சதவிகிதம் உயர்ந்தது. வழக்கமான உச்சவரம்பு 4.99. அடுத்த ஆண்டு மேலும் சுமார் ஏழரை சதவிகிதம். தெருவிளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கவும், நூலகங்களின் நேரத்தைச் சுருக்கவும், கலை அமைப்புகளின் மானியத்தை அடியோடு நிறுத்தவும் முடிவானது. நூற்றுக்கணக்கான வேலைகள் பலி. அரசு கொடுத்த 'உதவி' என்ன தெரியுமா? 125 கோடி பவுண்டுக்கு மேல் கடன் வாங்கவோ சொத்தை விற்கவோ அனுமதி! அந்தப் பணத்தை அன்றாடச் செலவுக்கும் போடலாமாம். கடையை விற்று அந்த மாதக் கூலி கொடுக்கிற வியாபாரியைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்?

2025இல் மறுபடியும் குப்பை. 2017இல் தக்க வைத்த அதே பதவியை, சம ஊதிய வழக்குக்குப் பயந்து நீக்கப் போனார்கள். மார்ச் 11 முதல் முழு வேலை நிறுத்தம். மாத இறுதியில் 17,000 டன் குப்பை தெருவில் கிடக்க, பெரும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. ஸ்மால் ஹீத், பால்சல் ஹீத் பகுதிகளில் எலிகள் பகலில் ஓடின. கார் உள்ளவர் தன் குப்பையைத் தானே கொண்டுபோய்க் கொட்டினார். கார் இல்லாத ஏழை வாசலில் அது மலையானது.

இனி நமக்குள்ள சங்கதிக்கு வருவோம். 'முஸ்லிம்கள் நிறைந்த ஊர், அதனால்தான் இப்படி' என்று வன்மத்தோடு சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பட்டியல்: 2018இல் நார்தாம்ப்டன்ஷயர், 2020இல் கிராய்டன், 2021இல் ஸ்லவ், 2022இல் தரக், 2023 ஜூனில் வோக்கிங். எல்லாம் அதே 114ஆவது பிரிவில் விழுந்த உள்ளாட்சிகள். தரக் சூரிய ஒளி மின் நிறுவனங்களில் முதலீடு செய்து கையைச் சுட்டது. வோக்கிங் வானுயர்ந்த கட்டடங்களுக்குக் கடன் வாங்கி மூழ்கியது. நார்தாம்ப்டன்ஷயரையும் தரக்கையும், கடன் வாங்கிய காலத்தில் வோக்கிங்கையும் ஆண்டவர்கள் கன்சர்வேட்டிவ்கள், கிராய்டனையும் ஸ்லவையும் பர்மிங்ஹாமையும் ஆண்டவர்கள் லேபர் கட்சியினர். மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கட்சிக்கும்கூட இல்லை. 2010க்குப் பின் அரசு மானியம் வெட்டப்பட்டதால் நூறு கோடி பவுண்டு இழந்தோம் என்கிறது பர்மிங்ஹாம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மானியம் எல்லோருக்கும்தான் வெட்டப்பட்டது. வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்காதே என்று அரசு சொல்லவில்லை.

நம் இளைஞர்களோடு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நம்மவர் ஒருவர் உள்ளே போய்விட்டால் போதும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியிருக்கிறேன். பர்மிங்ஹாம் மாமன்றத்தில் நம்மவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். ஆரக்கிளுக்கும் பட்ஜெட்டுக்கும் கை தூக்கியவர்களில் அவர்களும் உண்டு. தூக்கும் முன் எத்தனை பேர் அந்தத் தாள்களைப் படித்தார்களோ, அல்லாஹ் அறிவான். ஒரு ஜமாஅத் கூட்டத்தில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது நானே பக்கத்திலிருந்தவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். 'சரிதானே' என்று கேட்டதும் எல்லோரோடும் சேர்ந்து 'சரி' என்றேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தணிக்கை விஷயத்தில் அந்நாடே தடுமாறிக் கிடக்கிறது. உள்ளாட்சிகளின் தணிக்கையைக் கவனித்து வந்த ஆணையத்தை 2015இல் மூடிவிட்டுத் தனியார் தணிக்கை நிறுவனங்களிடம் விட்டார்கள். விளைவு? 2022-23ஆம் ஆண்டுக் கணக்கைக் கெடுவான 2023 செப்டம்பர் 30க்குள் தணிக்கை முடித்து வெளியிட்ட உள்ளாட்சிகள் நூற்றுக்கு ஒன்று! தேங்கியதைத் தீர்க்க அரசு 2024 டிசம்பர் 13ஐக் கடைசி நாளாக வைத்தது. முடியாதவற்றுக்கு, 'கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடலாம் என்றது.

இத்தனைக்கும் அங்கே ஒவ்வோர் ஆண்டும் 30 வேலை நாட்கள் மாநகராட்சியின் ஏடுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. பில், ஒப்பந்தம், ரசீது எதையும் கேட்டுப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் ஆட்சேபணையும் எழுதித் தரலாம். வக்கீல் வேண்டாம். ஆலம் ராக் சாலையில் கடை வைத்திருப்பவர் கடைப் பையனை கல்லாவில் உட்கார வைத்துவிட்டு ஒரு முற்பகல் போய் வந்தால் போதும்.