டிஸ்க் அறுவை சிகிச்சை: மருத்துவர்கள் முரண்பட்டால் அவசரப்படாதீர்கள்

மரக்காணத்து உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்வரை ஓயாது. பாத்தியில் குனிந்து உப்பை வாருவதும், கூடையைத் தலையில் ஏற்றிக் கரையில் கொட்டிக் குவிப்பதும் இடுப்பையும் கழுத்தையும் பதம்பார்க்கும் வேலைகள். வலி முற்றியவர்களுக்கு வழி பல திசைகளில் இருக்கிறது: தெற்கே புதுச்சேரி ஜிப்மர், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, வடக்கே சென்னையின் பெரிய மருத்துவமனைகள். ஒரே எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் செயற்கை டிஸ்க் பொருத்தலாம் என்பார். இன்னொருவர் ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்புகளையும் இணைத்துவிடலாம் என்பார். மூன்றாமவர் சில மாதங்கள் உடற்பயிற்சி செய்துவிட்டு வரச் சொல்வார். குழம்பிப்போன குடும்பம், யார் மிக உறுதியாகப் பேசினாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்த முடிவெடுக்கும் முறைதான் ஆபத்தானது. மருத்துவர்களின் முரண்பாட்டையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

உண்மையான அவசர நிலையில் அவர்கள் பெரும்பாலும் முரண்படுவதில்லை. சிறுநீர் அடைத்துக்கொள்கிறது அல்லது கட்டுப்பாடின்றிப் போகிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியாமல் பலவீனம் கூடிக்கொண்டே போகிறது என்றால், எந்த அறுவை நிபுணரும் உடனே வரச் சொல்வார். அங்கே இரண்டாவது கருத்துக்கு அலையக் கூடாது. அந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் நீண்டநாள் இடுப்புவலி மட்டும் இருக்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன. அப்படிப் பிரிவதே, யோசிக்க நேரம் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ஏன் பிரிகின்றன? பணத்தாசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நேர்மையான மருத்துவர்களுக்கு அது அநீதியும்கூட. ஸ்கேன் படமே பாதிக் காரணம். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை அலசிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஆக, படத்தில் தெரியும் தேய்மானம்தான் வலிக்குக் காரணமா என்பதை ஒவ்வொரு மருத்துவரும் தன் அனுபவத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2002-03ஆம் ஆண்டுகளில், முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட விகிதம் ஒரு வட்டாரத்துக்கும் இன்னொரு வட்டாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 மடங்கு வேறுபட்டது. அங்கே வாழும் மனிதர்களின் முதுகுகள் 20 மடங்கு வேறுபட்டிருக்க வாய்ப்பில்லை.

மீதிக் காரணம் சான்றுகளில் இருக்கிறது. செயற்கை டிஸ்க் நேற்று வந்த பொருள் அல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்று, பின்னர் எலும்பு மருத்துவரான கரின் பியூட்னர்-யான்ஸ் தன் சகாவுடன் சேர்ந்து கிழக்கு பெர்லினில் உருவாக்கிய டிஸ்க், 1984இலேயே நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் 40 ஆண்டுகள் கடந்தும் இடுப்பு டிஸ்க் குறித்த சர்ச்சை ஓயவில்லை. நார்வேயில் நீண்டநாள் இடுப்புவலியும் டிஸ்க் தேய்மானமும் கொண்ட 173 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குச் செயற்கை டிஸ்க்கும் மறு சாராருக்குத் தீவிர மறுவாழ்வுப் பயிற்சியும் அளித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, வலியால் வரும் இயலாமையை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 8.4 புள்ளி முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் நோயாளிக்கு உணரத்தக்க பயன் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த எல்லை 10 புள்ளி. 2011இல் வெளியான இந்த முடிவை ஒரு மருத்துவர் ‘அறுவை சிகிச்சையே மேல்’ என்று படிக்கலாம். இன்னொருவர் ‘கத்தி வைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை’ என்று படிக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் இரண்டாவது பக்கம் நின்று, இடுப்புவலிக்கு டிஸ்க் மாற்று அறுவையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. கழுத்து டிஸ்க் நரம்பை அழுத்திக் கையில் வலி இறங்கும் நோயாளியின் கதை வேறு. அங்கே செயற்கை டிஸ்க்குக்கான சான்று இதைவிட வலுவானது. எந்த டிஸ்க், எந்த வலி என்று கேட்காமல் ‘டிஸ்க் ஆபரேஷன் நல்லதா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை.

தள்ளிப்போட்டால் நரம்பு கெட்டுவிடாதா என்ற அச்சம் நியாயமானது. நெதர்லாந்தில் டிஸ்க் பிதுங்கிக் காலில் கடும் வலி இறங்கிய 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. உடனே அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. தினக்கூலியை நம்பி வாழ்பவர் சீக்கிரம் கிடைக்கும் நிவாரணத்தைத் தேர்ந்தெடுத்தால் அது தவறான முடிவல்ல. அதை அவரே தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது எதற்குத் தயக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைக் கொடுக்கும்; வேலைக்குப் போகாத மாதங்களின் கூலியைக் கொடுக்காது. பொருத்திய டிஸ்க்கோடு உப்புக்கூடை சுமக்கலாமா என்பதையும் அட்டை சொல்லாது. இன்னொரு மருத்துவரைப் பார்த்தால் முதலாமவர் மனம் புண்படும் என்ற கூச்சமும் வேண்டாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்து பெறுவது ஓர் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் சொல்லிப் பெறுவதே முறையான சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நார்வே ஆய்வில் அறுவை சிகிச்சைக்கு ஈடுகொடுத்தது ஒரு தாளில் எழுதிக் கொடுத்த நாலு பயிற்சி அல்ல. ஆட்கள் உடனிருந்து வாரக்கணக்கில் நடத்திய பயிற்சி. அது கிடைக்காத ஊரில் ‘பயிற்சி செய்து பாருங்கள்’ என்பது வெறும் வாய்ச்சொல். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஏற்கெனவே இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். உப்பளம் ஓய்ந்திருக்கும் மழை மாதங்களில் அவர்களை மரக்காணம் தொழிலாளர்களின் முதுகுவலிக்கென்று தொடர்ச்சியாக அனுப்பலாம். நோயாளிகளுக்கு என் வேண்டுகோள்: படத்தையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, முதலாமவரின் மருத்துவமனையைச் சேராத ஒருவரிடம் போங்கள். எத்தனை பேர் ‘சரி’ என்றார்கள் என்று எண்ணாதீர்கள். என் வலிக்கு இந்த டிஸ்க்தான் காரணம் என்று எப்படித் தெரியும், மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும், மறுபடி சுமை தூக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமையில்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.