மெம்பர்ஷிப் கார்டு வேண்டாம், சங்கம் வேண்டும்

நம்ம கிளாஸ்ல அறுபது பேரிடம் "என்ன வேலைக்குப் போகப் போற?" என்று கேட்டுப் பாருங்கள். டெவலப்பர், டெஸ்டர், டிசைன் இன்ஜினியர், பேங்க் எக்ஸாம், குரூப் 2 என்று வரிசையாக வரும். "டெக்னிக்கல் ரைட்டர்" என்று ஒருத்தர் சொன்னால் அதிசயம்தான். அப்படிச் சொன்னாலும் பக்கத்து சீட்டில் இருந்து, "அப்படின்னா கதை எழுதுறதா?" என்று கேள்வி வரும்.

கதை இல்லைங்க. ஒரு மெஷினையோ, சாஃப்ட்வேரையோ, மருந்தையோ பயன்படுத்தப் போகிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருகிற வேலை. மிக்ஸி பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகம், ஆப்பில் வரும் ஹெல்ப் பக்கம், ஏபிஐ டாகுமெண்ட், ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஆட்கள் புரட்டும் சர்வீஸ் மேனுவல் எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியவைதான்.

இந்த வேலையில் ஆர்வம் இருக்கும் ஜூனியர்கள் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, இதுக்கு ஏதாவது அசோசியேஷன்ல மெம்பர் ஆகணுமா? ரெஸ்யூமேல போட்டா பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?" என் பதில்: சங்கம் கண்டிப்பாக வேண்டும். ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தத் துறையில் உலகத்திலேயே பெரிய பெயர் அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன். சுருக்கமாக எஸ்டிசி. 1953-ல் தொடங்கிய சின்னச் சின்ன அமைப்புகள் ஒன்றுசேர்ந்து வளர்ந்தது. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது, மாநாடுகள் நடத்தியது. 2025 ஜனவரியில் அந்த எஸ்டிசி கடையை மூடிவிட்டது. மெம்பர்கள் குறைந்துகொண்டே போனார்கள், பணம் தட்டுப்பாடு, கடைசியில் திவால் மனு. எழுபது வருஷப் பெயர், ஒரே அறிவிப்பில் முடிந்தது. அந்த மெம்பர்ஷிப் நம்பரை மட்டும் நம்பி ரெஸ்யூமேயில் போட்டவருக்கு இன்று அது வெறும் நம்பர். ஆனால் அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்திக் கற்றுக்கொண்ட பழக்கம் இருக்கிறதே, அதை எந்த கோர்ட்டும் ஏலம் விட முடியாது.

அதே நேரம் ஜெர்மனியைப் பாருங்கள். 1978-ல் தொடங்கிய டெகாம் என்ற சங்கம் இன்னும் தெம்பாக இருக்கிறது. அங்கே சட்டமும் இந்த வேலைக்குத் துணை நிற்கிறது. ஐரோப்பிய யூனியனின் 2006-ஆம் ஆண்டு இயந்திர விதிப்படி, ஒரு மெஷினை எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டு ஆட்சிமொழியில் கையேடு இருந்தே ஆக வேண்டும். கையேடும் மெஷினில் ஒரு பாகம் என்று ஆகிவிட்டால், அதை எழுதுகிறவருக்கும் மரியாதை வரும்.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். நம்ம ஊரில் இது அதைவிடப் பழைய கதை. 1916-லேயே சேலத்தில் ராஜாஜியும் சிலரும் சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசியதில் வந்ததுதான் தமிழ்99 கீபோர்டு. அதற்கு அடுத்த வருஷம் உத்தமம் என்ற அமைப்பு பிறந்தது. கீபோர்டு டிசைனை ஒரு ஆள் தனியாகக்கூடப் போட்டுவிடலாம். "எல்லாரும் இதையே பயன்படுத்துவோம்" என்ற ஒப்பந்தத்தை ஒரு ஆளால் கொண்டுவர முடியாது. சங்கம் எதுக்கு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான்.

இப்போது மதுரையைச் சுற்றிப் பார்ப்போம். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள். அந்த டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. எழுத்தே தெரியாதவருக்கும் ஆபத்தைச் சொல்லும் அந்தச் சதுரம் அருமையான டெக்னிக்கல் கம்யூனிகேஷன். கூடவே வரும் துண்டுத்தாள் இந்தி, ஆங்கிலத்தோடு விற்கிற பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. சட்டம் மொழியைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எறும்பு சைஸ் எழுத்தில், அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்த மாதிரி எழுதினால் யார் படிப்பார்கள்? நிறத்தை யோசித்த அளவுக்கு வார்த்தையையும் யாராவது யோசிக்க வேண்டும் இல்லையா?

மோட்டார் ரூமுக்கு வாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் காயில் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் பேனலில் பிரிவென்டர் இருக்கிறது. அது டிரிப் ஆனால் என்ன பார்க்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் பேனல் கதவில் தொங்கும் பிளாஸ்டிக் கவருக்குள் ஆங்கிலத்தில் பத்திரமாக இருக்கும். "சும்மா சும்மா டிரிப் ஆகுது" என்று பிரிவென்டரையே பைபாஸ் பண்ணிவிட்டால், அப்புறம் காயில் கட்டுகிற கடைக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவு விவசாயி தலையில். நாலு வரி நல்ல தமிழ் அதைத் தடுத்திருக்கலாம்.

அந்த நாலு வரியை யார் எழுதுவது? என்னை மாதிரி எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவருக்கு சர்க்யூட் தெரியும். மோட்டார் கடை அண்ணனுக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள் என்று தெரியும். "மின்தேக்கி" என்று எழுதினால் அவர் முழிப்பார். "கெப்பாசிட்டர்" என்றால் உடனே கையில் எடுப்பார். எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் முடிவு பண்ண முடியும்.

"இப்பத்தான் ஏஐ எல்லாம் எழுதிடுதே" என்பீர்கள். எழுதும், வேகமாகவும் எழுதும். ஆனால் அந்த பேனல் முன்னால் நிற்கிறவர் எந்த வரியில் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது யார்? தப்பாக இருந்தால் பொறுப்பு யாருக்கு?

சரி, பணம் கட்டலாமா வேண்டாமா? கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நான் எழுதியதை அங்கே யாராவது படித்துத் திருத்துவார்களா? என்னைவிட அனுபவம் உள்ளவரோடு பேச முடியுமா? மாணவருக்குத் தனிக் கட்டணம் உண்டா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் மற்ற இரண்டையும் கேட்கவே வேண்டாம். பேனர் பிடித்து போட்டோ எடுக்கும் ஸ்டூடண்ட் சேப்டர்கள் நம்ம காலேஜ்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. கட்டணமே இல்லாமல் சேரவும் வழி உண்டு. 2013-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய ரைட் த டாக்ஸ் என்ற குழுவில் சந்தா கிடையாது. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களில் டாகுமெண்டைத் திருத்தி அனுப்பினால், பெரும்பாலும் அதைப் பராமரிப்பவர்களே படித்துப் பார்த்து பதில் போடுவார்கள். இன்டர்வியூவில் காட்ட கார்டைவிட அது நல்ல சாட்சி.

இதோடு இங்கேயே ஒன்று தொடங்கலாம். ஆறு பேர் போதும். வாரம் ஒரு மணி நேரம். லேப் மேனுவலில் ஒரு எக்ஸ்பெரிமெண்டை எடுத்துத் திருப்பி எழுதுங்கள். ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பியிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் நின்று பாருங்கள். அவன் எங்கே நிற்கிறானோ அந்த வரி சரியில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு மோட்டார் பேனல், அதற்கடுத்து பேங்க் ஃபார்ம். கடைக்காரர்கள் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் நாலாம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஒரு காலி கிளாஸ்ரூம் போதும். நான் இன்னும் சில மாதத்தில் இங்கிருந்து கிளம்பிவிடுவேன். அதனால் செகண்ட் இயர், தேர்ட் இயர் ஆட்களே, முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டியது நீங்கள்தான். வரும்போது வீட்டில் இருக்கிற யாருக்குமே புரியாத ஒரு கையேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.